ஒரே கார்டில் இரண்டு மூன்று ஐபி: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

மதுரையில் சின்ன அலுவலகங்களுக்கு லினக்ஸ் சர்வர் போட்டுக் கொடுக்கிறவர்களிடம் ஒரே நெட்வொர்க் கார்டுக்கு இரண்டு மூன்று ஐபி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கொடுக்கும் வேலை எப்போது வந்து சேரும் என்றால், பெரும்பாலும் இன்டர்நெட் இணைப்பை மாற்றிய மறுநாள். பழைய மோடம் 192.168.1.1. கப்பலூர் தொழிற்பேட்டைப் பட்டறையாக இருந்தாலும் விளக்குத்தூண் ஜவுளிக்கடையாக இருந்தாலும், விரல்ரேகை மெஷின் 192.168.1.201இல் இருக்கும், கேமரா டிவிஆர் 192.168.1.108இல் இருக்கும். பெட்டியைப் பிரிக்கும்போதே அந்த எண்ணோடு வந்தவை. அப்புறம் யாரும் தொடவில்லை. புது மோடம் தன்னை 192.168.29.1 என்கிறது. விரல்ரேகை மெஷினின் மெனு பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, மாட்டிக் கொடுத்தவர் இப்போது திருப்பூரில் இருக்கிறார். சரி, சர்வரின் கார்டுக்கே இரண்டு ஐபி கொடுத்துவிடுவோம் என்று முடிவாகிறது.

நல்ல முடிவுதான். இன்னொரு கார்டு வாங்க வேண்டாம், கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சில் இன்னொரு ஓட்டையும் வேண்டாம். கட்டளை ஒரே வரி. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு வருகிற குழப்பங்கள் பல விதம். அவற்றை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

எடுத்துக்காட்டு முழுவதும் ஒரே சர்வர்தான். அதன் கார்டு ஈத்0. முதல் முகவரி 192.168.29.10/24, கேட்வே (வேறு வரிசைக்குப் போகும் வாசல்) 192.168.29.1. /24 என்பதுதான் மாஸ்க்: முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருப்பவை எல்லாம் ஒரே வரிசை, நேரடியாகப் பேசிக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஸ்டாக் பார்க்கும் மென்பொருளுக்காக அதே வரிசையில் 192.168.29.11. பழைய மெஷின்களோடு பேச 192.168.1.10. உங்கள் கணினியில் கார்டின் பெயர் ஈஎன்பி3எஸ்0 என்றோ ஈஎன்எஸ்33 என்றோ இருக்கலாம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டளைகளை போனில் சொல்கிற மாதிரி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். எல்லாம் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். மாற்றம் செய்கிற எல்லாக் கட்டளைக்கும் முன்னால் நிர்வாகி அனுமதி தரும் சூடோ உண்டு.

எதையும் தொடுமுன்

கார்டுக்கு மேக் முகவரி, அதாவது தயாரிக்கும்போதே பதிந்த வன்பொருள் எண், ஒன்றுதான். ஐபி முகவரிகளைக் கார்டு அறியாது. அவை லினக்ஸின் உட்கருவான கெர்னலின் கணக்கில் இருப்பவை. நம் ஊர் வீடுகளில் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு எழுதியிருப்பார்கள், வாசல் ஒன்றுதான் இருக்கும். அதே கதை. எந்த எண்ணுக்கு வந்த தபாலும் வீட்டுக்குள் வந்துவிடும். ஆனால் பதில் கடிதத்தில் அனுப்புநர் முகவரியாக எதை எழுதுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

முகவரியைச் சேர்ப்பதில் சிக்கல் வருவது குறைவு. சேர்த்த முகவரியைப் பக்கத்து மெஷின்கள் அறிந்தனவா, பதில் எந்த முகவரியிலிருந்து எந்த வழியாகப் போகிறது என்ற இரண்டு இடங்களில்தான் முக்கால்வாசி நேரம் போகும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று கட்டளை. 'ஐபி அட்ரஸ் ஷோ டெவ் ஈத்0' என்றால் என்னென்ன முகவரி ஏறியிருக்கிறது என்று தெரியும். 'ஐபி நெய்பர் ஷோ' யார் யாருடைய மேக் தெரிந்திருக்கிறது என்று காட்டும். மூன்றாவது 'ஐபி ரூட் கெட்', அதற்குப் பின்னால் எதிர்முனையின் ஐபி. அந்த இடத்துக்குப் போகக் கெர்னல் தேர்ந்தெடுக்கும் வழியும், எஸ்ஆர்சி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அனுப்புநர் முகவரியும் அதில் வரும். இந்த மூன்றும் எதையும் மாற்றாதவை. கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிக்கலாம்.

ரீபூட் செய்து பார்ப்போம் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். இந்த வகைக் கோளாறில் ரீபூட் தடயங்களைத்தான் அழிக்கும்.

முகவரி ஏறவே மறுக்கிறது

கட்டளை இதுதான்: 'ஐபி அட்ரஸ் ஆட் 192.168.1.10/24 டெவ் ஈத்0'. 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்றால் சூடோ போடவில்லை. 'கெனாட் ஃபைண்ட் டிவைஸ்' என்றால் கார்டின் பெயர் தப்பு. 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' என்றோ, புதிய பதிப்புகளில் 'அட்ரஸ் ஆல்ரெடி அசைண்டு' என்றோ வந்தால் அந்த முகவரி அதே மாஸ்க்கோடு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

முகவரி ஏறியிருக்கிறது, பழைய மெஷினை எட்ட முடியவில்லை

'ஐபி அட்ரஸ் ஷோ' போட்டுப் பாருங்கள். 192.168.1.10 என்பதற்குப் பின்னால் /24 இருக்கிறதா, /32 இருக்கிறதா? கட்டளையில் /24ஐ விட்டுவிட்டால் லினக்ஸ் தானாக யூகிக்காது. /32 என்று எடுத்துக்கொள்ளும். எனக்கு இந்த எண் மட்டும் சொந்தம், அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை என்று அர்த்தம். அப்போது 192.168.1.201க்குப் போக வேண்டிய பாக்கெட் (தரவுப் பொட்டலம்) நேராக விரல்ரேகை மெஷினுக்குப் போகாமல் கேட்வே வழியாக மோடத்துக்குப் போய் அங்கேயே தொலையும். 'ஐபி ரூட் கெட் 192.168.1.201' என்று கேட்டால் 'வயா 192.168.29.1' என்று தன் வாயாலேயே சொல்லிவிடும்.

'ஐபி அட்ரஸ் டெல் 192.168.1.10/32 டெவ் ஈத்0' என்று எடுத்துவிட்டு /24ஓடு மறுபடி சேர்க்கவும். எடுக்காமல் சேர்த்தாலும் லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் மாஸ்க் வேறாக இருந்தால் வேறு பதிவாகக் கணக்கு வைக்கும். ஆனால் அடுத்து வந்து பார்க்கிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

ஏற்கெனவே உள்ள வரிசையிலேயே ஒரு முகவரி சேர்க்கும்போது, அதாவது 192.168.29.11ஐ, /32 போட்டாலும் வேலை நடக்கும். முதல் முகவரி அந்த வரிசைக்கான வழியை முன்பே போட்டு வைத்திருக்கிறது. இதனால்தான் 'அங்கே மாஸ்க் இல்லாமல் சரியாக வந்ததே, இங்கே ஏன் வரவில்லை' என்ற கேள்வி எழுகிறது.

ஐஎஃப்கான்ஃபிக்கில் இரண்டாவது முகவரி தெரியவில்லை

தெரியாது. 'ஐபி' கட்டளையால் பெயர்ச்சீட்டு ஒட்டாமல் சேர்த்த முகவரியை ஐஎஃப்கான்ஃபிக் என்ற பழைய கட்டளை காட்டாது. அந்தக் கருவி ஒரு பெயருக்கு ஒரு முகவரி என்ற காலத்தது. ஈத்0:1 என்று முகவரிக்குத் தனிப்பெயர் வைக்கும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். பழைய கண்காணிப்பு ஸ்கிரிப்ட் எதுவும் அதை நம்பி ஓடுகிறது என்றால் சேர்க்கும்போதே கடைசியில் 'லேபிள் ஈத்0:1' என்று சேர்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

விடச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று, ஈத்0:1 என்பது கார்டே இல்லை, வெறும் சீட்டு. ஃபயர்வாலில் 'உள்ளே வரும் கார்டு ஈத்0:1' என்று விதி எழுதினால் அந்த விதி எதிலும் பொருந்தாது. கார்டு ஈத்0, சேருமிடம் 192.168.29.11 என்று முகவரியை வைத்துத்தான் விதி எழுத வேண்டும். இரண்டாவது காரணம் இன்னும் மோசம். 'ஐஎஃப்கான்ஃபிக் ஈத்0 192.168.29.11' என்று யாராவது அடித்தால் அது முகவரியைச் சேர்க்காது, இருப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே இருந்தால் அந்த நொடியே திரை உறைந்துவிடும். அப்புறம் திருமங்கலம் ரோட்டில் வண்டியை விட வேண்டியதுதான்.

கரண்ட் போய் வந்ததும் இரண்டாவது முகவரி காணோம்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நிறுத்தி மாலையில் கொடுக்கிற நாளுக்கு மறுநாள் வரும் அழைப்பு இது. 'நேற்று வரை ஓடியது சார், இன்று வருகைப்பதிவு இறங்கவில்லை.' கட்டளையால் சேர்த்த முகவரி நினைவகத்தில் மட்டும் இருப்பது. சர்வர் அணைந்தால் போய்விடும்.

சர்வர் அணையாமலேயே போவதும் உண்டு. அதுதான் ஆளைக் குழப்பும். சர்வர் யுபிஎஸ்ஸில் இருக்கும், சுவிட்ச் யுபிஎஸ்ஸில் இருக்காது. சுவிட்ச் அணைந்ததும் கேபிளில் உயிர் இல்லை என்று, இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் நிரல் பல கணினிகளில் இணைப்பையே இறக்கிவிடும். சுவிட்ச் திரும்ப வந்ததும் தன் கோப்பில் எழுதியிருக்கிற முகவரிகளை மட்டும் ஏற்றும். நீங்கள் கையால் சேர்த்தது அந்தக் கோப்பில் இல்லை. 'அப்டைம்' பார்த்தால் நாற்பது நாள் என்று காட்டும், முகவரி இருக்காது.

ஆகவே கோப்பில் எழுத வேண்டும். எந்தக் கோப்பு என்பதில்தான் தகராறு, ஏனென்றால் ஒவ்வொரு லினக்ஸும் ஒவ்வொரு ஆளிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. இரண்டு பேர் ஒரே கார்டை ஆளவிட்டால் முகவரிகள் வந்து வந்து போகும். முதலில் 'என்எம்சிஎல்ஐ டிவைஸ்' என்று கேளுங்கள். ஈத்0க்கு எதிரே 'கனெக்டட்' என்றிருந்தால் நெட்வொர்க்மேனேஜரின் ஆட்சி. 'அன்மேனேஜ்டு' என்றாலோ அந்தக் கட்டளையே இல்லை என்றாலோ வேறொருவர்.

நெட்வொர்க்மேனேஜர் என்றால்: 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை', அடுத்து மேற்கோள் குறிக்குள் இணைப்பின் பெயர், அடுத்து '+ஐபிவி4.அட்ரசஸ் 192.168.1.10/24'. முன்னால் உள்ள கூட்டல் குறி முக்கியம். அது இருந்தால் பட்டியலில் சேரும். விட்டுவிட்டால் பழைய பட்டியல் முழுவதையும் தூக்கிவிட்டு இதை மட்டும் வைக்கும். பிறகு 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப்' கொடுத்தால் நடைமுறைக்கு வரும்.

உபுண்டு சர்வர் என்றால் நெட்பிளான். ஈடிசி அடைவுக்குள் நெட்பிளான் என்ற அடைவில் உள்ள யாமல் கோப்பில், ஈத்0இன் கீழே 'அட்ரசஸ்' என்ற பட்டியலில் ஒவ்வொரு முகவரியையும் தனி வரியில், முன்னால் சிறுகோடு போட்டு எழுத வேண்டும். வரி உள்ளே தள்ளுவதற்கு ஸ்பேஸ் மட்டும். டேப் விசையைத் தொட்டால் கோப்பையே ஏற்காது. எழுதியதும் 'நெட்பிளான் அப்ளை' வேண்டாம், 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் என்டர் அடித்து உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் யாரும் செய்ததில்லை. பழைய கோப்புகளில் 'கேட்வே4' என்ற வரி இருந்தால் எச்சரிக்கை வரும். அதற்குப் பதிலாக 'ரூட்ஸ்' என்பதன் கீழ் 'டு: டிஃபால்ட்', 'வயா: 192.168.29.1' என்று எழுதுவதே இப்போதைய முறை.

உபுண்டுவில் கோப்பின் பெயரிலேயே 'கிளவுட்-இனிட்' என்று இருந்தால் அதை எழுதியது வேறொரு நிரல், மறுபடி எழுதவும் செய்யலாம். ஈடிசி அடைவின் கிளவுட் அடைவில் 'கிளவுட்.சிஎஃப்ஜி.டி' என்ற இடத்தில் ஒரு கோப்பு வைத்து, நெட்வொர்க் பகுதியில் 'கான்ஃபிக்: டிசேபிள்டு' என்று அணைத்தால்தான் உங்கள் எழுத்து நிலைக்கும்.

டெபியனில் ஈடிசி நெட்வொர்க் அடைவின் 'இன்டர்ஃபேசஸ்' கோப்பு. 'ஐஃபேஸ் ஈத்0 ஐநெட் ஸ்டாடிக்' என்ற பத்தியையே இன்னொரு முறை எழுதி, அதன் கீழ் இரண்டாவது முகவரியைக் கொடுத்தால் போதும், ஈத்0:1 தேவையில்லை. இரண்டாவது பத்தியில் கேட்வே வரி போடாதீர்கள். போட்டால் 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' என்று பாதியில் நின்றுவிடும்.

சர்வரிலிருந்து பிங் வருகிறது, மற்றவர்களுக்கு வரவில்லை

சர்வரில் உட்கார்ந்துகொண்டு சர்வரின் சொந்த முகவரிக்கே பிங் (ஆள் இருக்கிறதா என்று கேட்கும் சோதனை) அடித்தால் எப்போதும் வரும். அந்தப் பாக்கெட் கேபிளுக்கே போவதில்லை, கெர்னலுக்குள்ளேயே திரும்பிவிடும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சோதனை வெளியிலிருந்து இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து அடிக்கிற கணினி எந்த வரிசையில் இருக்கிறது? பில் போடும் கணினி 192.168.29.50, அது 192.168.1.10ஐத் தேடுகிறது என்று வையுங்கள். அதற்கு 192.168.1 வரிசையில் முகவரி இல்லை. அதனால் தன் கேட்வேயிடம், அதாவது புது மோடத்திடம் கொடுக்கிறது. மோடத்துக்கு அந்த வரிசை தெரியாது. ஒரே சுவிட்சில் ஒரு அடி தூரத்தில் சர்வர் இருந்தும் பாக்கெட் தெருவுக்குப் போய்விடுகிறது. சர்வரில் எதையும் மாற்றி இதைத் தீர்க்க முடியாது. அந்தக் கணினி சர்வரை 192.168.29.10 என்றே கூப்பிட்டால் போதும்.

'இல்லை, அந்தக் கணினியிலிருந்து டிவிஆரையும் பார்க்க வேண்டும்' என்றால் விஷயம் பெரிதாகிறது. சர்வருக்கு இரண்டு முகவரி இருப்பதால் அது ரவுட்டர் ஆகிவிடாது. சர்வரில் 'நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்டு' என்ற கெர்னல் அமைப்பு 1 ஆக வேண்டும். கணினியிலோ மோடத்திலோ '192.168.1.0/24க்கு 192.168.29.10 வழியாகப் போ' என்ற வழி வேண்டும். டிவிஆரின் கேட்வே 192.168.1.10 என்றிருக்க வேண்டும். கடைசியைச் செய்ய முடியாவிட்டால், பாஸ்வேர்டு தெரியாத மெஷினில் எப்படிச் செய்வது, சர்வரில் மாஸ்கரேட் போட்டு எல்லாப் பாக்கெட்டும் 192.168.1.10இலிருந்தே வருவது போலக் காட்டலாம். என் கருத்து, ஒரு கணினிக்காக இவ்வளவு வேண்டாம். அந்தக் கணினியின் கார்டுக்கும் 192.168.1 வரிசையில் இரண்டாவது ஐபி கொடுத்துவிட்டுப் போய்விடலாம்.

வரிசை ஒன்றாக இருந்தும் பிங் வரவில்லை என்றால் ஐபிக்கு உரிய மேக்கைக் கேட்டறியும் ஏஆர்பி பக்கம் பாருங்கள். 192.168.29.11 முன்பு வேறொரு பழைய சர்வரிடம் இருந்து, அதை இப்போது இங்கே மாற்றியிருந்தால், மற்ற மெஷின்களின் நினைவில் பழைய மேக் இருக்கும். அவை அந்த மேக்குக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். கணினிகள் சீக்கிரம் மறந்துவிடும், சில மோடங்கள் லேசில் மறக்காது. 'கடைக்குள் வருகிறது, வெளியிலிருந்து வரவில்லை' என்றால் இதைச் சந்தேகிக்கலாம். சர்வரிலிருந்தே அறிவித்துவிடலாம்: 'ஆர்ப்பிங் -யூ -சி 3 -ஐ ஈத்0 192.168.29.11'. இதில் யூ, ஐ இரண்டும் பெரிய எழுத்து. சி சின்ன எழுத்து. இந்த முகவரி இப்போது இந்த மேக்கிடம் இருக்கிறது என்று மூன்று முறை ஊருக்குச் சொல்லும். ஆர்ப்பிங் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு நிரல்கள் உலவுகின்றன, விருப்பங்களும் வேறு. நான் சொல்வது ஐபியூடில்ஸ் தொகுப்பில் வருவது.

சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை

ஒரே முகவரியை இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். வேறு காரணம் தேடுவதற்கு முன் இதை உறுதி செய்துவிடுங்கள்.

ஐபிவி6இல் முகவரி சேர்த்ததும் கெர்னலே 'இது யாரிடமாவது இருக்கிறதா' என்று கேட்டுப் பார்க்கும். இருந்தால் 'டாட்ஃபெயில்டு' என்று முகவரிக்குப் பக்கத்தில் எழுதிவிடும். நாம் இங்கே பயன்படுத்தும் ஐபிவி4இல் 'ஐபி அட்ரஸ் ஆட்' அப்படி எதையும் கேட்காது, அப்படியே ஏற்றிவிடும். நாம்தான் முன்கூட்டியே கேட்க வேண்டும்: 'ஆர்ப்பிங் -டி -சி 3 -ஐ ஈத்0 192.168.29.11', டியும் ஐயும் பெரிய எழுத்து. பதில் வந்தால் அந்த எண்ணில் ஆள் இருக்கிறது.

ஏற்கெனவே சேர்த்தாகிவிட்டது என்றால் வேறொரு லினக்ஸ் கணினியிலிருந்து சாதாரணமாக ஆர்ப்பிங் அடியுங்கள். இரண்டு வேறு மேக்கிலிருந்து பதில் வந்தால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. மேக்கின் முதல் ஆறு எழுத்துகள் பொதுவாகத் தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும், அதைத் தேடினால் அது பிரிண்டரா கேமராவா என்று தெரிந்துவிடும். செல்போன் என்றால் மட்டும் இது பலிக்காது. இப்போதைய போன்கள் வைஃபைக்குத் தாமே உருவாக்கிய போலி மேக் வைத்துக்கொள்கின்றன.

காரணம் அநேகமாக மோடத்தின் டிஎச்சிபி. மோடம் தானாக எண் கொடுக்கும் எல்லைக்குள் நீங்கள் ஒரு எண்ணைக் கையால் எடுத்துக்கொண்டால் ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே ஓடும். தீபாவளிக் கூட்டத்தில் கடைக்குள் போன்கள் பெருகி, மோடம் கீழிருந்து மேலே எண்களைக் கொடுத்துக்கொண்டே வந்து, ஒருநாள் உங்கள் எண்ணையும் கொடுத்துவிடும். பிரவுசரில் மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் அந்த எல்லையை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, சர்வர் முகவரிகளை அதற்கு வெளியே வைப்பதுதான் நிரந்தர வழி.

வெளியே போகும்போது பழைய முகவரியாகவே போகிறது

ஸ்டாக் மென்பொருளுக்கு 192.168.29.11 என்று கொடுத்தீர்கள். அது பேச வேண்டிய டேட்டாபேஸ் கணினியில் '192.168.29.11ஐ மட்டும் அனுமதி' என்று எழுதினீர்கள். ஆனால் அங்கே வந்து நிற்பது 192.168.29.10. ஃபயர்வாலில் எந்தத் தப்பும் இல்லை.

ஒரு நிரல் தானாக இணைப்பைத் தொடங்கும்போது, எந்த முகவரியிலிருந்து என்று அது சொல்லாவிட்டால், கெர்னல் வழிப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும். அந்த வரிசையில் முதலில் ஏறிய முகவரிதான் முதன்மை. அடுத்தடுத்து ஏறியவற்றுக்குப் பக்கத்தில் 'செகண்டரி' என்று இருக்கும். சொல்லாமல் போனால் முதன்மைதான் போகும். 'ஐபி ரூட் கெட்' காட்டும் எஸ்ஆர்சி அதுதான்.

நிரலிடமே சொல்வதுதான் சுத்தமான தீர்வு. பெரும்பாலான சர்வர் நிரல்களில் 'பைண்ட்' என்றோ 'சோர்ஸ் அட்ரஸ்' என்றோ ஓர் அமைப்பு இருக்கும். சோதித்துப் பார்க்க கர்லில் 'இன்டர்ஃபேஸ்' விருப்பம், எஸ்எஸ்எச்சில் '-பி', பிங்கில் பெரிய எழுத்து '-ஐ' கொடுத்துப் பின்னால் முகவரி. நிரலில் அப்படி இடமே இல்லை என்றால் வழியை மாற்றலாம். அந்த ஒரு கணினி 192.168.29.60 என்றால், 'ஐபி ரூட் ஆட் 192.168.29.60/32 டெவ் ஈத்0 எஸ்ஆர்சி 192.168.29.11'. அதற்குப் போகிறவை மட்டும் .11இலிருந்து போகும், மற்றதெல்லாம் பழையபடி. இதுவும் கையால் சேர்த்தது என்பதால் கோப்பில் எழுதாவிட்டால் நிலைக்காது.

எதிர்த்திசையில் ஒரு சங்கதி. டிசிபியில் (முதலில் இணைப்பு ஏற்படுத்திப் பேசும் முறை) யாராவது .11ஐத் தேடி வந்தால் பதிலும் .11இலிருந்தே போகும், அதில் குழப்பம் வராது. யுடிபியில் (இணைப்பு இல்லாமலே அனுப்பும் முறை) அப்படி உத்தரவாதம் இல்லை. எல்லா முகவரியிலும் காது வைத்திருக்கிற யுடிபி நிரல் சாமர்த்தியமாக எழுதப்படவில்லை என்றால், .11க்கு வந்த கேள்விக்கு .10இலிருந்து பதில் சொல்லும். கேட்டவர் 'உன்னை நான் கேட்கவில்லையே' என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுவார். வெப்சைட் வருகிறது, ஆனால் டிஎன்எஸ்ஸோ கண்காணிப்போ மட்டும் வரவில்லை என்றால் இது காரணமாக இருக்கலாம். அந்த நிரலை .11இல் மட்டும் பைண்ட் செய்யுங்கள்.

இரண்டு மோடம், இரண்டு கேட்வே. ஒன்று வழியாக வருபவர்களுக்குப் பதில் போகவில்லை

பழைய இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்கிறார்கள். பழைய மோடம் 192.168.1.1, புதியது 192.168.29.1, இரண்டும் ஒரே சுவிட்சில். பழைய மோடத்தில் போர்ட் ஃபார்வர்டு செய்து, வெளியிலிருந்து வருவதை 192.168.1.10க்கு அனுப்புகிறார்கள். உள்ளே வருகிறது. பதில் போகும்போது கெர்னல் அனுப்புநர் முகவரி எதுவென்று பார்க்காமல், வெளியூர் என்றால் டிஃபால்ட் வழி என்று புது மோடத்திடம் கொடுக்கிறது. புது மோடத்துக்கு இந்த உரையாடலே தெரியாது. போயிற்று.

இன்னொரு டிஃபால்ட் கேட்வே சேர்த்தால் தீரும் என்று தோன்றும், தீராது. அனுப்புநரை வைத்து வழி சொல்ல வேண்டும். அதற்குத் தனிப் பட்டியல்:

ஐபி ரூட் ஆட் 192.168.1.0/24 டெவ் ஈத்0 எஸ்ஆர்சி 192.168.1.10 டேபிள் 100
ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 192.168.1.1 டெவ் ஈத்0 டேபிள் 100
ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 192.168.1.10 டேபிள் 100

இரண்டாவது, மூன்றாவது வரிகளை எல்லோரும் போடுவார்கள். முதல் வரியை விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் விரல்ரேகை மெஷினுக்குப் போகும் பதில்கூட மோடத்தைச் சுற்றிப் போகும். சரியாகிவிட்டதா என்று பார்க்க 'ஐபி ரூட் கெட் 8.8.8.8 ஃப்ரம் 192.168.1.10'. வயா 192.168.1.1 என்று வர வேண்டும். நெட்பிளானில் இதையே 'ரூட்டிங்-பாலிசி' என்ற பகுதியில் எழுதலாம்.

இந்த இடத்தில் பலரும் 'ஆர்பி_ஃபில்டர்' என்பதை 0 ஆக்கச் சொல்வார்கள். அது பாக்கெட் வந்த கார்டும் பதில் போகும் கார்டும் ஒன்றா என்று பார்க்கும் காவல். இரண்டு கார்டு இருந்தால் அது குறுக்கே நிற்கலாம். நம்மிடம் இருப்பது ஒரே கார்டு, எப்படிச் சுற்றினாலும் ஈத்0தான். அதை அணைத்துப் பயனில்லை, அப்படியே விட்டுவிடுங்கள்.

பிங் வருகிறது, சர்வீஸ் வரவில்லை

'எஸ்எஸ் -எல்டிஎன்பி' அடியுங்கள், எந்த நிரல் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று காட்டும். 0.0.0.0:80 என்றிருந்தால் நிரல் எல்லா முகவரியிலும் கேட்கிறது, ஃபயர்வாலைப் பாருங்கள். 192.168.29.10:80 என்றிருந்தால் .11இல் யாருமே இல்லை, நிரலின் அமைப்பில் .11ஐச் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று வந்தால், வேறொரு நிரல் 0.0.0.0:80 என்று மொத்தத்தையும் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. முதலில் அதை ஒரே முகவரிக்குள் அடக்குங்கள்.

கையால் தொடங்கினால் ஓடுகிறது, ரீபூட்டுக்குப் பிறகு மட்டும் 'கெனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்று விழுகிறது என்றால், முகவரி ஏறுவதற்கு முன்பே நிரல் எழுந்துவிட்டது. நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் அதற்கென உள்ள கோப்பில் 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' வந்த பிறகே தொடங்கு என்று 'ஆஃப்டர்', 'வான்ட்ஸ்' இரண்டிலும் எழுதவும். அவசரத்துக்கு 'நெட்.ஐபிவி4.ஐபி_நான்லோக்கல்_பைண்ட்' 1 ஆக்கினாலும் நடக்கும்.

ஒன்றை எடுத்தால் எல்லாம் போய்விட்டது

முதன்மை முகவரியை நீக்கினால் அதே வரிசையில் உள்ள செகண்டரி எல்லாவற்றையும் கெர்னல் சேர்த்து நீக்கிவிடும். அதுதான் அதன் இயல்பு. 'நெட்.ஐபிவி4.கான்ஃப்.ஆல்.ப்ரமோட்_செகண்டரீஸ்' 1 என்றிருந்தால் அடுத்தது முதன்மையாகி மற்றவை பிழைக்கும். சிஸ்டம்டியோடு வரும் அமைப்பே இதைப் போட்டுவிடுவதால் புதிய லினக்ஸ்களில் இந்தக் கோளாறு குறைந்துவிட்டது. பழைய சர்வரில் கை வைக்குமுன் மட்டும் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வரிசையில் உள்ள 192.168.1.10க்கு இதனால் எதுவும் ஆகாது.

கிளவுட் சர்வரில் ஏற்றினேன், வரவே இல்லை

லினக்ஸுக்குள் ஏற்றினால் மட்டும் போதாது. அந்த முகவரி உங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று கிளவுடின் கன்சோலிலும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெளியே உள்ள வலை அதைத் தூக்கிப் போட்டுவிடும்.

இரண்டு முகவரியும் மோடத்திலிருந்தே தானாக வர வேண்டும்

ஒரே மேக்குக்கு டிஎச்சிபி பொதுவாக ஒரு முகவரிதான் கொடுக்கும். கார்டின் மேல் மேக்விலேன் என்ற துணைக் கார்டு ஒன்றை உருவாக்கினால் அதற்குத் தனி மேக் கிடைக்கும், அதில் இன்னொரு டிஎச்சிபி ஓட்டலாம்: 'ஐபி லிங்க் ஆட் லிங்க் ஈத்0 நேம் எம்வி0 டைப் மேக்விலேன் மோட் பிரிட்ஜ்'. ஒரே கணினியில் இப்போது இரண்டு கார்டு ஆகிவிடுவதால், மேலே அணைக்க வேண்டாம் என்ற ஆர்பி_ஃபில்டர் இங்கே உண்மையாகவே குறுக்கே வரலாம். வைஃபை கார்டில் மேக்விலேன் முயற்சி பெரும்பாலும் பலிக்காது. இரண்டாவது மேக்கை அக்சஸ் பாயின்ட் ஏற்காது. கேபிளில் மாட்டிச் செய்யுங்கள்.